ஆஃபர் லெட்டரில் இருக்கும் சலுகைகளைக் காசாக எப்படிக் கணக்கிடுவது?

படிக்கட்டு:
இரண்டு ஆஃபர். முதலாவதில் சம்பளம் அதிகம், சலுகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இரண்டாவதில் சம்பளம் 12 சதவீதம் குறைவு. ஆனால் குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு, 4,800 ஸ்டாக் ஆப்ஷன் (நிறுவனப் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை), ஜாயினிங் போனஸ், வரம்பில்லா லீவு, படிப்புச் செலவு, ஜிம் என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல். இவற்றில் எதற்கு உண்மையில் மதிப்பு உண்டு? கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹெச்ஆரிடம் எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்?

வரவுசெலவு:
ஒவ்வொரு சலுகைக்கும் இரண்டே கேள்வி. இது இல்லாவிட்டால் சொந்தக் காசில் வாங்குவீர்களா? வேலையை விடும் அன்று இது என்ன ஆகும்?

முதல் கேள்வியிலேயே பாதிப் பட்டியல் போய்விடும். ஜிம்முக்கு ஏற்கெனவே சந்தா கட்டுகிறீர்கள் என்றால் அந்தத் தொகைதான் அதன் மதிப்பு. இல்லையென்றால் பூஜ்யம்.

இரண்டாவது கேள்வியில் மாட்டுவது ஜாயினிங் போனஸ். பெரும்பாலும் 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். பத்து மாதம் வேலை பார்த்திருந்தால் மீதி இரண்டு மாதத்துக்கு மட்டுமா, முழுத் தொகையுமா என்று பாருங்கள். இன்னொரு பொறி: போனஸ் கைக்கு வரும்போது வரி பிடித்துக்கொண்டுதான் வரும், திருப்பிக் கேட்கும்போது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையைக் கேட்பார்கள். ‘கையில் பெற்ற தொகை மட்டும், மாத விகிதத்தில்’ என்று எழுதி வாங்குங்கள். நிறுவனமே ஆளைக் குறைத்தால் திருப்பத் தேவையில்லை என்ற வரியும் வேண்டும்.

படிப்புச் செலவிலும் இதே கதைதான். விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய கெடு, பணம் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறதா, படிப்பு முடிந்த நாளிலிருந்தா? முடிந்த நாளிலிருந்து என்றால், ஒவ்வொரு புதுப் படிப்பும் கடிகாரத்தை முதலிலிருந்து ஓட விடும்.

பங்குப்பிரியன்:
4,800 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. மொத்தப் பங்குகள் எத்தனை என்று கேளுங்கள், ஒதுக்கி வைத்த ஆப்ஷன்களையும் சேர்த்து. ஒரு கோடி என்றால் உங்கள் பங்கு 0.048 சதவீதம். பத்து லட்சம் என்றால் அதுவே பத்து மடங்கு. இந்த எண்ணைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்தில் ஆப்ஷனுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு மேலே போங்கள்.

வழக்கமான வெஸ்டிங் (ஆப்ஷன்கள் படிப்படியாக உங்கள் உரிமையாகும் காலம்) நான்கு வருடம், முதல் வருடம் கிளிஃப். அதாவது 11 மாதத்தில் விலகினால் ஒன்றும் கிடையாது. 12 மாதம் முடிந்ததும் 1,200. அதன்பின் மாதத்துக்கு 100.

வெஸ்ட் ஆனதும் பங்கு உங்களுடையது ஆகிவிடாது, குறித்த விலையில் வாங்கும் உரிமைதான் உங்களுடையது. விலகிய பின் 90 நாளுக்குள் அந்த விலையைக் கட்டி வாங்காவிட்டால் காலாவதி என்பது பரவலான விதி. பங்குச் சந்தையில் பட்டியலிடாத நிறுவனத்தில் வாங்கிய பங்கை விற்க ஆள் கிடைப்பது கடினம். ஆனால் பல நாடுகளில் வாங்கிய உடனேயே வரி வந்துவிடும். கையிலிருந்து பணம் போகும், திரும்பி வரும் தேதி தெரியாது. 90 நாளைச் சில வருடங்களாக நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். சில இடங்களில் தருகிறார்கள்.

நிறுவனம் விலைபோனாலும் முதலீட்டாளர்களுக்கு முன்னுரிமை இருந்தால் அவர்கள் எடுத்தது போக மீதிதான் மற்றவர்களுக்கு. குறைந்த விலைக்குப் போனால் மீதி என்று ஒன்றே இருக்காது.

பாலிசிதாள்:
காப்பீட்டுக்கு ஹெச்ஆர் தரும் ஒற்றைப் பக்கத் தாள் போதாது. முழு பாலிசி விதிகளைக் கேளுங்கள். அதில் தேட வேண்டியவை: காப்பீட்டுத் தொகை ஆளுக்கா, குடும்பத்துக்கு மொத்தமாகவா, பெற்றோர் சேர்வார்களா, சேர்ந்தால் அவர்களுக்கான பிரீமியம் உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படுமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பிரசவத்துக்கும் காத்திருப்புக் காலம் உண்டா, ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் கட்ட வேண்டிய சதவீதம் எவ்வளவு.

சில பாலிசிகளில் அறை வாடகை வரம்பு இருக்கும். ஆள் ஏமாறுவது அங்கேதான். வரம்பு 100, நீங்கள் எடுத்த அறை 200 என்றால் வாடகை வித்தியாசம் மட்டும்தானே என்று நினைப்போம். விகிதாசாரக் கழிவு விதி இருந்தால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள்.

கடைசி வேலைநாளோடு கவரேஜ் முடிந்துவிடுவது சகஜம். அடுத்த வேலையில் சேரும்வரை வெறும் கையோடு நிற்கக் கூடாது, அதனால் தனியாக ஒரு பாலிசி எப்படியும் தேவை. நிறுவனக் காப்பீட்டைக் கணக்கில் எடுக்கும்போது, இதே கவரேஜை நீங்களே வாங்கினால் என்ன பிரீமியம் வரும் என்று பார்த்து அதை மட்டும் எழுதுங்கள்.

விடுப்புக்கணக்கு:
வருடத்துக்குச் சுமார் 260 வேலைநாள். பத்து நாள் கூடுதல் லீவு கிட்டத்தட்ட 4 சதவீதச் சம்பளத்துக்குச் சமம், எடுக்க விட்டால். ‘வரம்பில்லா லீவு’ என்றால் கணக்கில் எதுவும் சேராது, எனவே விலகும்போது காசாக்கவும் எதுவும் இருக்காது. போன வருடம் அந்த டீமில் சராசரியாக எத்தனை நாள் எடுத்தார்கள் என்று, ஹெச்ஆரை விட்டுவிட்டு, டீமில் இருப்பவரிடமே கேளுங்கள்.

பட்டியலில் இல்லாததையும் பாருங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால், வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை 48 வாரத்தில் 288 மணி நேரத்தை மிச்சப்படுத்தும். எட்டு மணி வேலைநாளாகப் பார்த்தால் 36 நாள். என் கணக்கில் உங்கள் முழுப் பட்டியலையும் விட இது பெரிது. ஆனால் ‘மேலாளர் விருப்பப்படி’ என்று எழுதியிருந்தால் அதை நம்பி வீடு மாறாதீர்கள்.

படிக்கட்டு:
நன்றி. இரண்டாவது ஆஃபரில் ‘15 சதவீதம் வரை வருடாந்திர போனஸ்’ என்றும் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது?

வரவுசெலவு:
‘வரை’ என்றால் பூஜ்யமும் அதில் அடக்கம். கடந்த மூன்று வருடம் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று கேட்டு, அதில் மிகக் குறைந்ததை எழுதுங்கள். போனஸ் வழங்கும் தேதியில் பணியில் இருந்தால்தான் உண்டு என்ற வரி இருக்கிறதா, நோட்டீஸ் பீரியடில் இருப்பவரையும் அதில் சேர்ப்பார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க உழைத்துவிட்டுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் ராஜினாமா கொடுப்பவர்கள் இதில்தான் இழக்கிறார்கள்.