கியூட்டிகிளுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பென்னாகரம்:
அனைவருக்கும் வணக்கம். நாட்டுக்கோழி வளர்க்கும் மகளிர் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. முட்டை ஓட்டின் குறுக்குவெட்டுப் படத்தில் பெயர் எழுத வேண்டும். உள்ளிருந்து வெளியே இரண்டு சவ்வு, மேலே குமிழ் குமிழாக ஓர் அடுக்கு, அதன்மேல் நெருக்கி நிற்கும் சுண்ணத் தூண்கள், கடைசியாக, ஓட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலமான கியூட்டிகிள். பழைய வரைவில் அதற்குப் ‘புறத்தோல்’ என்று இருக்கிறது. பாடநூலில் புறத்தோல் என்பது எபிடெர்மிஸ், உயிருள்ள செல்களால் ஆனது. இதில் செல்லே கிடையாது. வேறு சொல் தாருங்கள்.

பாலக்கோடு:
‘தோல்’ வேண்டவே வேண்டாம். ஓடு பிடிக்காமல் மெத்தென்று விழும் முட்டையைத்தான் ‘தோல்முட்டை’ என்கிறார்கள். புறத்தோல் என்று போட்டால் வகுப்பில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

தருமபுரி புலவர்:
‘ஓடு’ என்பதையே முதலில் பார்க்க வேண்டாமா? மலையாளத்தார் ‘முட்டத்தோடு’ என்கிறார்கள். பூவிதழுக்கும் தோடு என்று பெயர். சூழ்ந்து மூடுவது தோடு. ஓடு கூரைக்கும் மண்டைக்கும் போய்விட்டது.

கிருஷ்ணகிரி:
ஐயா, தோடு காதுக்குப் போய்விட்டதே! ஓட்டை விடுங்கள், அது யாருக்கும் புரிகிறது. கேள்வி கியூட்டிகிள் பற்றி.

ஓசூர், கால்நடை மருத்துவம்:
சொல்லுக்கு முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. கியூட்டிகிள் படிவது முட்டையிடுவதற்குச் சற்று முன்புதான். பெரும்பகுதி புரதம். முட்டை விழும்போது ஈரமாக இருக்கும், சில நிமிடத்தில் காய்ந்து, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வாயை அடைக்கும். அப்போதும் காற்று போய்வரும், கிருமி நுழைவதுதான் கடினம். கழுவினால் இது போய்விடும். குளிர்ந்த நீரில் கழுவினால் இன்னும் மோசம். உள்ளே இருப்பது சுருங்கி, அழுக்கு நீரைத் துளை வழியே இழுத்துக்கொள்ளும். அடை வைத்தபின் கூமுட்டையாக நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, கேட்டவுடன் ‘இதைத் தேய்க்கக் கூடாது’ என்று படும் சொல் வேண்டும்.

தருமபுரி புலவர்:
அப்படியானால் ‘மெழுக்கு’. அப்பர் ‘அலகிட்டு மெழுக்குமிட்டு’ என்கிறார். வாசல் மெழுகுகிறோம், அதில் தேன்மெழுகா இருக்கிறது? ஈரமாகப் பூசி, காய்ந்து, மண்ணின் கண்களை அடைப்பதுதான் மெழுக்கு. மருத்துவர் சொன்னதும் அதுவேதான். துளைக்கும் ‘நுண்துளை’ என்று இரண்டு சொல்லை ஒட்டவேண்டாம். ‘புரை’ இருக்கிறது, உள்துளை என்றே பொருள். ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற குறளில் குற்றம் என்ற பொருளும் இதிலிருந்தே கிளைத்தது என்பது என் எண்ணம். (கூமுட்டை அல்ல, கூழ்முட்டை.)

கிருஷ்ணகிரி:
முட்டையில் புரை என்றால் கண்புரை முகாமுக்கு முட்டையைக் கொண்டுவருவார்கள். மெழுக்கு அழகான சொல்தான், மறுக்கவில்லை. அச்சில் ஒரு ‘க்’ விழுந்தால் ‘மெழுகு’.

ஓசூர்:
அது வெறும் எழுத்துப்பிழையாக நிற்காது. விற்கும் முட்டைக்கு எண்ணெய் தடவி வைப்பதுண்டு. அடை முட்டைக்கு மெழுகோ எண்ணெயோ பூசினால் துளை அடியோடு அடைபட்டுக் கரு மூச்சு முட்டிச் சாகும். ஈரமும் வெளியேறியாக வேண்டும். 45 கிராம் முட்டை 18ஆம் நாளில் 5 முதல் 6 கிராம் குறைந்திருந்தால் சரி. குறையாவிட்டால் மழுங்கிய முனையில் காற்றறை சிறுத்து, குஞ்சு அலகை நீட்ட இடமின்றித் திணறும். அதிகம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

பாலக்கோடு:
‘மேற்பூச்சு’ போதும். சுவர் பூச்சு எல்லாருக்கும் தெரியும்.

ஓசூர்:
பூச்சு என்றால் வியாபாரி எதையோ பூசியிருக்கிறான் என்று ஈரத்துணியால் துடைப்பார்களே?

பாலக்கோடு:
படத்துக்குக் கீழே ‘கோழியே பூசி அனுப்புவது, கழுவாதீர், ஈரத்துணியால் துடைக்காதீர்’ என்று எழுதிவிடலாம். எச்சம் லேசாக ஒட்டியிருந்தால் காய்ந்தபின் தேங்காய் நாரால் அந்த இடத்தை மட்டும் தட்டிவிட வேண்டும். முட்டை முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்தால் அதுவும் கழுவின மாதிரிதான். அப்பிக்கிடப்பதை அடைக்கு எடுக்காமல் வேகவைத்துத் தின்றுவிடலாம். முட்டைப் பெட்டியில் உமியை அடிக்கடி மாற்றினால் இந்தத் தொல்லையே பாதி குறையும்.

தருமபுரி புலவர்:
விளக்கம் எழுதித்தான் புரியவைக்க வேண்டும் என்றால் மெழுக்குக்கே எழுதலாமே! தமிழ்ச்சொல் புழங்காததற்குக் காரணம் புழங்கவிடாததுதான்.

பென்னாகரம்:
‘மேற்பூச்சு’க்கு மூன்று பேர், ‘மெழுக்கு’க்குப் புலவர் ஐயா ஒருவர். பூச்சு என்றே போடுகிறேன். துளை ‘நுண்துளை’. காற்றறையில் சண்டை இல்லை. கோடையில் ஓடு மெலிவது பற்றியும் ஒரு வரி வேண்டும், ஓசூர்.

ஓசூர்:
வெயிலில் கோழி வாய்திறந்து இளைக்கும். கரியமில வாயு அதிகம் வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் இரத்தத்தில் குறையும். தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். நிழலும் குளிர்ந்த நீரும் முதல் மருந்து. கிளிஞ்சல் தூளை மாலையில் வையுங்கள், ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் கட்டுகிறது.

குமிழ் அடுக்குக்கு என்ன போட்டீர்கள்? ‘மாமில்லரி’ என்ற ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்தால் ‘முலையடுக்கு’. வகுப்பில் சிரிப்புத்தான் மிஞ்சும். குஞ்சின் எலும்புக்குச் சுண்ணம் கரைந்து போவது அந்தக் குமிழ் நுனியிலிருந்துதான், ஆகவே படத்தில் விடமுடியாது.

பென்னாகரம்:
‘குமிழடுக்கு’.

தருமபுரி புலவர்:
‘முகையடுக்கு’. அரும்பின் கூர்மை குமிழில் எங்கே இருக்கிறது? மேற்பூச்சுக்கு என் மறுப்பும் நிற்கிறது.