இரண்டு பரப்புக் காணியில் நடுமுற்றம் வைத்து வீடு கட்டலாமா?

பவழமல்லி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்களுக்கு இரண்டு பரப்புக் காணி (ஏறக்குறைய 5,400 சதுர அடி) இருக்கிறது. வடக்கு தெற்காக நீண்ட துண்டு, மேற்குப் பக்கம் ஒழுங்கை. அதில் இருந்த பழைய வீட்டின் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது, கூரையும் போய்விட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். இருக்கப் போவது அம்மாவும் நானும். தம்பி ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவான்.

தம்பி அங்கே ஒருவரிடம் சொல்லி ஒரு டிசைன் எடுத்து அனுப்பியிருக்கிறான். தட்டையான கொங்கிறீற் கூரை, இரண்டு மாடி உயரத்துக்கு விறாந்தை, ஒழுங்கைப் பக்கம் நிலத்தில் இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. படத்தில் பார்க்க மிக அழகு. ஆனால் நான் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருகிறவள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பின்னேரம் எப்படி இருப்பது என்று யோசிக்கிறேன்.

போன வருடம் கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தான் இருக்க அமைத்த 33ஆவது ஒழுங்கை வீட்டைப் பார்க்கக் கிடைத்தது. அன்றில் இருந்து முற்றம் வைத்த வீடுதான் மனதில் நிற்கிறது. அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். அவர் பிறந்தது வட்டுக்கோட்டையில், முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய ஒரு நாற்சார் வீட்டில். மாரி வந்தால் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியின் மூலைகளுக்குக் கீழே வாளி வைத்தே வளர்ந்தவராம். "திரும்பவும் அந்த வாளியை என் கையில் தராதே" என்கிறார். ஒழுக்கு, நுளம்பு, கள்ளன், இந்த மூன்றும்தான் அவருடைய பயம். இந்த அளவு காணிக்கு முற்றம் சரிவருமா? கட்டி இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

அம்மா சொல்வதைக் கேளுங்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஆசைப்பட்டு முற்றம் வைத்தார். முதல் மாரியிலேயே சாரல் சோபா வரைக்கும் வந்தது. அப்புறம் மேலே வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் சீற் போட்டு மூடினார். இப்போது மழை இல்லை, ஆனால் பகலில் அதன் கீழே நிற்க முடியாது. சூடு வெளியே போக வழியில்லை. பாவாவின் வீடு பார்க்கப் போகிற வீடு. நாங்கள் இருக்கப் போகிற வீட்டில் அதை முயற்சி செய்யக் கூடாது.

நீர்மட்டம்:

தங்கச்சி, நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் தெரிந்தவர்களுக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுக்கிறேன். முற்றம் வைக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் முற்றத்தை முதலில் கீறிவிட்டு அதற்குமேல் கூரையைத் தேடக் கூடாது. கூரைத் தண்ணீர் எங்கே விழும், எந்த வழியால் ஓடும் என்பதை முதலில் கீறுங்கள். மிச்ச இடத்தில் முற்றம் தானாக அமையும்.

நீங்கள் பார்த்த 33ஆவது ஒழுங்கை வீடு ஒரே தடவையில் கட்டியது அல்ல. ஒரு வரிசையில் இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றைப் பாவா 1958இல் எடுத்தார். பத்து வருடத்துக்குள் நான்கும் அவர் கைக்கு வந்தன. அவற்றை ஒன்றாக்கினார். அதனால்தான் அங்கே ஒரு பெரிய முற்றம் கிடையாது, மேலே திறந்த சின்னச் சின்ன வெளிகள் பல இருக்கின்றன. ஒன்றில் ஒரு செடி, இன்னொன்றில் ஒரு தொட்டித் தண்ணீர். நீண்ட நடைவழியில் போகும்போது தூரத்தில் வெளிச்சம் விழும், அதைப் பார்த்துக்கொண்டே நடப்போம். அங்கே நிற்கிற பழைய மரத்தூண்கள் செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்தவை, கவனித்தீர்களோ தெரியாது. மனதை அள்ளுகிற வீடு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காணிக்கு மாதிரி அது இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது அவர் பத்திக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு. கொழும்பு அல்பிரட் பிளேசில் 1960இல் தொடங்கி 1962இல் முடித்தது. சுற்றிவர உயரமான மதில், உள்ளே நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறைகள். எல்லா அறையும் உள்ளே பார்க்கும், தெருவைப் பார்க்காது. அது இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். கண்ணாடியும் இரும்பும் சுலபமாகக் கிடையாது. செங்கல், மரம், ஓடு, ஆற்றுக் கல் என்று கையில் இருந்ததைக் கொண்டே வீட்டை எழுப்பினார்கள். பழைய மாதிரி வீடு என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அறைக்கு அறை கதவு போட்டு மூடாமல் வெளி வெளிக்குள் ஓடுகிற திட்டம் அது. நவீன வீடு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பிற்காலத்தில் அந்தக் காணி விலைப்பட்டபோது வீட்டை இடித்துத் தள்ளவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பவும் எழுப்பினார்கள். இப்போதும் போய்ப் பார்க்கலாம். தம்பி வரும்போது கூட்டிக்கொண்டு போங்கள். படத்தை விட அது அவரோடு நன்றாகப் பேசும்.

சரி, ஒழுக்குக்கு வருவோம். அம்மாவின் வாளிக்கு முற்றம் காரணம் இல்லை. நாற்சார் வீட்டில் நான்கு கூரையும் உள்ளே சாய்கின்றன. இரண்டு கூரை சந்திக்கும் மூலையில் தகரப் பீலி இருக்கும், அப்படி நான்கு மூலை. இலை விழுந்து அடைபடுவதும் அங்கேதான், தகரம் துருப்பிடித்து ஓட்டையாவதும் அங்கேதான். இரண்டு பரப்பில் நான்கு பக்கமும் கட்டத் தேவையே இல்லை. முற்றத்தின் ஒரு பக்கமாக உங்கள் கிழக்கு எல்லை மதிலையே வைத்துக்கொள்ளுங்கள். வீடு எல் வடிவில் வரட்டும். அப்போது உள்மூலை ஒன்றுதான். அந்த ஒன்றுக்கு அகலமான அலுமினியத் தகடு போட்டு, ஏணி வைத்துக் கூட்டித் துடைக்கிற மாதிரிச் செய்யலாம்.

முற்றத்துப் பக்கக் கூரை விளிம்பில் பீலியே போடாதீர்கள். கூரையைத் தூணுக்கு வெளியே இரண்டரை, மூன்று அடி நீட்டி விடுங்கள். தண்ணீர் நேரே கீழே கூழாங்கல் நிரப்பிய வாய்க்காலில் விழட்டும். வெள்ளவத்தைவாசி சொன்ன சாரல் சோபாவுக்கு வந்ததற்கு, விளிம்பு குட்டையாக இருந்தது காரணமாக இருக்கலாம். தாழ்வாரம் எட்டு அடி அகலமாவது இருக்க வேண்டும், சோபா அதற்கு உள்ளே இருக்க வேண்டும். தாழ்வார விளிம்பில் தூணுக்குத் தூண் ஒரு குந்து கட்டுங்கள். காற்று வாங்கவும் இருக்கலாம், சாரலையும் மறிக்கும்.

கூரைக்குப் பாவாவும் அவரோடு வேலை செய்தவர்களும் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. நெளிந்த சீமெந்துச் சீற்றை முதலில் போட்டு, அதன்மேல் அரைவட்ட ஓட்டை அடுக்குவார்கள். ஓடு வெயிலைத் தாங்கும், சீற் மழையைத் தாங்கும். ஓடு ஒன்று விலகினாலும் வீட்டுக்குள் ஒழுகாது, சரிவும் அவ்வளவு செங்குத்தாகத் தேவையில்லை. அந்தக் காலச் சீற் அஸ்பெஸ்டஸ். அது நுரையீரலுக்குக் கேடு, இன்றைக்குக் கிட்டவே எடுக்காதீர்கள். அஸ்பெஸ்டஸ் இல்லாத நார்ச் சீமெந்துச் சீற் கிடைக்கிறது. இந்தக் கூரைக்குக் கொஞ்சம் கூடச் செலவு வரும். கண்ணாடிக்கு ஒதுக்கிய காசில் இது தாராளமாக அடங்கும்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுங்கள். முற்றமும் அதற்குள் சாய்கிற கூரையும் சேர்ந்து 600 சதுர அடி என்று வையுங்கள். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 5,500 லீற்றர் தண்ணீர் அந்த முற்றத்துக்குள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு அது புதுமை இல்லை. ஆகவே நான்கு அங்குலக் குழாய் இரண்டு, வெவ்வேறு மூலையில் இருந்து, வளைவில்லாமல் வெளியே போக வேண்டும். ஒன்று அடைத்தால் மற்றது காப்பாற்றும். முற்றத்துத் தரை வீட்டுத் தரையை விட ஓரடி பதிந்திருக்கட்டும்.

நுளம்பு முற்றத்தில் பிறப்பதில்லை, தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. பீலியே இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு ஓர் இடம் குறைந்தது. பூச்சாடித் தட்டும் அழகுக்கு வைக்கிற தொட்டியும் வேண்டாம். கள்ளனுக்கு, மதில் பக்கம் இருந்து கூரை விளிம்பு வரைக்கும் இரும்புக் கம்பிச் சட்டம் போட்டுவிடலாம். மழையும் காற்றும் வரும், ஆள் வர முடியாது. அதில் மல்லிகையைப் படர விட்டால் சட்டம் கண்ணுக்கே தெரியாது.

ஒசாக்காவில் இருந்து:

நீர்மட்டம் அண்ணா எழுதியதை வாசித்தபோது இங்கே இருக்கிற ஒரு வீட்டைச் சொல்லத் தோன்றியது. சுமியோஷி என்ற பகுதியில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ 1976இல் கட்டிய வரிசை வீடு. அகலம் மூன்றரை மீற்றர்கூட இல்லை, நீளம் பதினான்கு மீற்றர் அளவு. தெருப் பக்கம் ஜன்னலே இல்லாத கொங்கிறீற் சுவர், ஒரு வாசல் மட்டும். உள்ளே வீட்டை மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கை வானத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார். இரவில் படுக்கையறையில் இருந்து குளியலறைக்குப் போக அந்த முற்றத்தைக் கடக்க வேண்டும். மழை என்றால் குடை. இங்கே குளிர்காலத்தில் அது லேசான விஷயம் இல்லை. 1979இல் ஜப்பான் கட்டடக்கலை நிறுவனத்தின் பரிசு அதற்குக் கிடைத்தது.

நான் வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறேன், அது தனியார் வீடு. அக்காவுக்கு நான் சொல்ல வருவது, இவ்வளவு ஒடுங்கிய துண்டிலேயே மூன்றில் ஒரு பங்கை வானத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் காணிக்கு இடப் பிரச்சினை இல்லை. ஆனால் அம்மாவின் அறையில் இருந்து குளியலறைக்குப் போகிற வழி கூரைக்குக் கீழேயே இருக்கட்டும்.

பவழமல்லி:

நீர்மட்டம் அண்ணா, மிக்க நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பீலி இல்லாமலா?" என்று இரண்டு தரம் கேட்டார். அதற்குப் பிறகு மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான் கண்ணாடியை விடுவதாக இல்லை. உலகம் முழுக்க இப்போது அப்படித்தான் கட்டுகிறார்கள், வீடு வெளிச்சமாக இருக்கும் என்கிறான். தட்டைக் கூரையும் வேண்டுமாம். அவனுக்கு என்ன சொல்வது?

நீர்மட்டம்:

தங்கச்சி, தம்பியிடம் இரண்டு வீடுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, எடித் ஃபார்ன்ஸ்வர்த் என்ற மருத்துவருக்குக் கட்டிய வீடு, 1951இல் முடிந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி. கோடையில் உள்ளே வெக்கை, குளிரில் கண்ணாடியில் நீர் வடியும், பூச்சியும் தாங்க முடியவில்லை. பிறகு அந்த அம்மா வாசல் திண்ணையைச் சுற்றி வலை அடித்தார். மற்றது பாரிசுக்குப் பக்கத்தில் பொய்சியில் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் 1931இல் முடித்த வில்லா சவோய். தட்டைக் கூரைக்குப் பெயர் பெற்ற வீடு. மழை விறாந்தைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் வருகிறது என்று வீட்டுக்காரி கட்டியவருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். இரண்டும் மேதைகள் கட்டியவை, இன்றைக்கும் உலகமே போய்ப் பார்க்கிறது, எனக்கும் அவற்றின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அவற்றில் குடியிருந்தவர்கள் பட்ட பாட்டையும் தம்பி அறிய வேண்டும்.

எங்கள் வெயில் வேறு. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தட்டைக் கொங்கிறீற் அதை முழுக்க வாங்கி வைத்து, இரவு நீங்கள் படுக்கும்போது கீழே விடும். பின்னேர வெயில் சாய்வாக வருவதால் மேற்குக் கண்ணாடிக்குக் கூரை விளிம்பாலும் நிழல் கொடுக்க முடியாது. அந்தப் பக்கம் கனமான சுவர், சின்ன ஜன்னல், வெளியே ஒரு வேம்பு. குளியலறையையும் களஞ்சிய அறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிடலாம், வெயில் முதலில் அவற்றில் விழட்டும்.

தம்பிக்கு வெளிச்சம்தானே வேண்டும், முற்றத்துப் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் திறக்கலாம். மடக்குக் கதவு போட்டுத் தாழ்வாரம் முழுவதையும் திறந்து விடுங்கள். கண்ணாடிதான் வேண்டும் என்றால் அந்தக் கதவில் போடட்டும், அங்கே தாழ்வாரம் நிழல் தரும். தென்மேற்கு மூலையில் தாழ்வாக ஒரு ஜன்னல் வையுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அதற்குள்ளால் புகுந்து முற்றத்தால் மேலே போகும். விசிறி இல்லாமலே வித்தியாசம் தெரியும். முற்றச் சுவருக்கு வெள்ளை பூச வேண்டாம். உச்சி வெயிலில் கண் கூசும், மங்கிய காவி போதும். தரைக்கு வழவழப்பான ரைல்ஸ் வேண்டாம், அம்மா நனைந்த காலோடு நடப்பார். மினுக்காத சீமெந்துத் தரை போடுங்கள்.

திருத்திய படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். போடும்போது கிணறும் மலசலகூடக் குழியும் எந்த இடம் என்று குறித்துவிடுங்கள். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல், தண்ணீர் கண்டபாட்டுக்கு ஓடும். முற்றத்து மழையைக் கிணற்றுப் பக்கம் விடுவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.