‘போரும் அமைதியும்’ பாதியில் நிற்கிறது. விடலாமா?

அரைகுறை வாசகி:
டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ முதல் பாகத்தில் வரும் ஷோன்கிராபன் சண்டையோடு படுத்துவிட்டது. கையில் இருப்பது பெவியர்–வோலோகான்ஸ்கி ஆங்கில மொழிபெயர்ப்பு. கதைமாந்தர் பேசும் பிரெஞ்சை அதில் அப்படியே விட்டிருக்கிறார்கள்; பொருள் தெரிய அடிக்குறிப்புக்குப் போய் மறுபடி மேலே வந்தே கண் களைக்கிறது. யார் எந்த இளவரசர் என்பதும் பிடிபடவில்லை. உலகமே கொண்டாடும் நாவலாயிற்றே என்று மூடிவைக்கவும் மனம் வரவில்லை. எதுவரை பொறுத்துப் பார்க்கலாம்?

நடைமேடை 4:
ஆளை அடையாளம் தெரியாததால் சலிக்குதா, தெரிஞ்சும் அவங்க மேல அக்கறை வரலையா? முதலாவதைச் சரிபண்ணலாம். இரண்டாவதுக்கு வழியில்லை.

ஒரு துண்டு அட்டையில் ஐந்து குடும்பம் மட்டும் எழுதி வையுங்க: ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெசூகவ், குராகின், துருபெத்ஸ்கோய். ஒவ்வொன்றுக்கும் கீழே மூணு நாலு பெயர், பக்கத்திலேயே செல்லப்பெயர். ரஸ்தோவ் வீட்டுப் பெண் நத்தாஷாவும் நத்தாலியா இல்யினிச்னாவும் ஒருத்திதான். நடுப்பெயர் அப்பா இல்யாவோடது. நிகொலாய் மட்டும் மூணு பேர்: ரஸ்தோவ் வீட்டுப் பையன், பல்கோன்ஸ்கி வீட்டு ஆந்த்ரேயின் அப்பா, ஆந்த்ரேயின் மகன். தொடக்க விருந்தில் பியேர் பெசூகவ், ஆந்த்ரே, வசீலி குராகின் மூவரைப் பிடிச்சுக்கிட்டா போதும். அந்த விக்கோம்த் என்கிற பிரெஞ்சுப் பிரபுவெல்லாம் அன்றைக்கு மாலையோடு சரி.

மொழிபெயர்ப்பையும் மாத்துங்க. மாட் தம்பதியின் பழைய ஆங்கிலத்தில் பிரெஞ்சுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமாகவே வரும்; கூட்டன்பர்க் மின்நூல் தளத்தில் இலவசம். தமிழில் வேணும்னா டி.எஸ். சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’.

எதுவரைன்னா, நத்தாஷாவின் முதல் நடன விருந்து வரை. இரண்டாம் பாகம், மூன்றாம் பகுதி, 1810 பிறப்பதற்கு முந்தின இரவு. யாருமே ஆடக் கூப்பிடாம அவள் அழுகை முட்ட நிற்கிறாள். பியேர் ஆந்த்ரேயின் கையைப் பிடிச்சு அவளிடம் அனுப்புகிறான். அங்கேயும் உங்களுக்கு ஒண்ணும் தோணலைன்னா மூடிடுங்க.

சாய்வுநாற்காலி:
நடன விருந்து என்பது நாவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஏற்கெனவே களைத்தவரை அவ்வளவு தூரம் இழுப்பது நியாயமில்லை. முதல் பாகம் ஆஸ்டர்லிட்ஸ் சண்டையில் முடிகிறது, ஷோன்கிராபனுக்குப் பிறகு ஒரே ஒரு பகுதிதான். கொடிக்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அடிபட்டு விழுந்து, ஆந்த்ரே வானத்தைப் பார்க்கிறான். அங்கே நிறுத்தினால் குறை ஒன்றும் இல்லை.

சண்டைப் பக்கங்களில் வரைபடம் தேடாதீர்கள். களத்தில் நிற்பவனுக்கே எது எங்கே நடக்கிறது என்று தெரிவதில்லை என்பதைத்தான் டால்ஸ்டாய் காட்டுகிறார். ஷோன்கிராபனில் பீரங்கிப்படை கேப்டன் துஷினை மட்டும் பின்தொடருங்கள். வாயில் சுங்கானோடு, பின்வாங்கும் உத்தரவு வந்து சேராமலே சுட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன மனிதர் போதும்.

அரைகுறை வாசகி:
வரலாற்றுத் தத்துவம் வேறு வரும் என்கிறார்களே. அதைத் தாண்டிவிட்டால் நாவலைப் படித்ததாகுமா?

நடைமேடை 4:
தாராளமா. 1873 பதிப்பில் டால்ஸ்டாயே அந்த விவாதங்களைக் கதையிலிருந்து பிரிச்சுப் பின்னிணைப்பாக்கினார், பிரெஞ்சையும் ருஷ்ய மொழிக்கு மாத்தினார். பிந்தைய பதிப்புகளில்தான் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிச்சு.

தாண்டலாம்னா: மூன்றாம் பாகத்தில் முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் தொடக்க அத்தியாயம், பின்னுரையின் இரண்டாம் பகுதி, 12 அத்தியாயமும். நான்காம் பாகத்தின் மூன்றாம் பகுதியில் கவனம் வேணும். கெரில்லாப் போர் விளக்கம்னு மொத்தமாத் தள்ளிடாதீங்க, முதல் இரண்டு அத்தியாயம் மட்டும். நத்தாஷாவின் தம்பி பேத்யாவின் முக்கியமான ஓர் இரவு அதுக்கப்புறம்தான் வருது. அதுக்கு மேல சொன்னா கதை கெட்டுடும்.

சாய்வுநாற்காலி:
நாவலை மூடினாலும் டால்ஸ்டாயை மூட வேண்டியதில்லை. ‘இவான் இலியிச்சின் மரணம்’ 12 அத்தியாயம், ஓரிரு மாலையில் முடியும். ‘ஹாஜி முராத்’ 25 சிறு அத்தியாயங்கள். அதிலும் போர் உண்டு, விரிவுரை கிடையாது. சண்டைதான் சலிப்பு என்றால் முதலாவதை எடுங்கள், நீளம்தான் சிக்கல் என்றால் இரண்டாவதை. இரண்டுமே ஒட்டவில்லையா? அப்போது மொழிபெயர்ப்பை மாற்றியும் பயனில்லை, பெரிய நாவலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.