ரிவர்சலுக்கு ‘மறுபிடி’ என்று வைக்கலாம்

அன்பின் நண்பர்களுக்கு,

நாம் தமிழாக்கும் மல்யுத்த வீடியோ கேம் சொற்பட்டியலில் மற்றச் சொற்கள் எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன, எதிராளியின் அடியையோ பிடியையோ அவன் மேலேயே திருப்பிவிடும் ரிவர்சல் மட்டும் மூன்று கிழமையாக இழுபடுகிறது. பதுளை அண்ணன் ‘எதிர்த்தாக்குதல்’ என்றார், தலவாக்கலை டீச்சர் ‘தலைகீழாக்கம்’ என்றார். இரண்டும் எனக்குப் பொருந்தி வரவில்லை. எதிர்த்தாக்குதல் என்றால் அவன் அடித்து முடித்த பிறகு நான் திருப்பி அடிப்பது. ரிவர்சல் அதுவல்ல அண்ணே. அவனுடைய பிடி பாதியில் இருக்கும்போதே அதை என்னுடையதாக்கிக்கொள்வது, என்னைத் தூக்கியவனின் தோளிலிருந்து வழுகி அவன் முதுகுப் பக்கம் இறங்கி அவன் கழுத்தையே நான் வளைத்துப் பிடிப்பது. தலைகீழாக்கம் என்றதும் பிள்ளைகளுக்கு ஆளைத் தலைகீழாகத் தூக்கிக் குத்தும் பைல்டிரைவர்தான் ஞாபகத்துக்கு வரும், டீச்சர்.

நான் வைக்கும் சொல் ‘மறுபிடி’.

மறுமொழி என்கிறோம், ஒருவர் பேசியதற்குப் பதிலாக வரும் பேச்சு. அதே மாதிரி ஒரு பிடிக்குப் பதிலாக வரும் பிடி. ‘மறு’ என்பதில் மறுப்பதும் இருக்கிறது, உன் பிடியை நான் ஏற்கவில்லை என்று. கிடுக்கிப்பிடி, உடும்புப்பிடி, இரும்புப்பிடி என்று பிடியில் முடியும் சொற்கள் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருப்பதால், புதுச்சொல் என்ற கூச்சமும் வராது.

அடியைத் தடுப்பதையும் பிடி என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் த பெயின்’ விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் அடியைத் திருப்ப ஒரு பொத்தான், பிடியைத் திருப்ப இன்னொரு பொத்தான், கொன்ட்ரோலரின் மேல் விளிம்பில் எல்2, ஆர்2 என்று இரண்டு. மாற்றி அழுத்தினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் திரையில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். வருகிற குத்தைப் பெரும்பாலும் கையால் பிடித்துத்தான் திருப்புகிறான், உதை வந்தால் காலைப் பிடிக்கிறான். பிற்பாடு வந்தவற்றில் இரண்டும் ஒரே பொத்தானுக்குள் போய்விட்டன. ஆகவே சொல்லும் ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

அப்புறம் இன்னொரு காரணம், எனக்கு இதுதான் பெரியது. 2015இல் வந்த ‘டபிள்யூ டபிள்யூ ஈ 2கே16’இல் ரிவர்சலுக்கு அளவு வைத்துவிட்டார்கள். கையிருப்பு இத்தனைதான், போட்டால் குறையும், நேரம் போகப் போகத் திரும்ப நிரம்பும். அதாவது அது எண்ணக்கூடிய பொருளாகிவிட்டது. ‘மூன்று எதிர்த்தாக்குதல்கள் மிச்சமிருக்கின்றன’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் ரிங் தரையில் கிடப்பான். ‘மூணு மறுபிடி இருக்கு’ என்பது ஒரு மூச்சில் வருகிறது.

இதைச் சும்மா சொல்லவில்லை. போன ஞாயிறு கொட்டகலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியில் ஒரே மழை, லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பொடியன்கள் ஐந்தாறு பேர் காம்பராவுக்குள் (அறைக்குள்) அந்த 2கே16ஐத்தான் போட்டிருந்தார்கள், இடம் போதாமல் இரண்டு பேர் இஸ்தோப்பிலிருந்து (முன் திண்ணையிலிருந்து) எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘ரிவர்ஸ் அடி, ரிவர்ஸ் அடி’ என்று ஒரே சத்தம். மருமகனிடம் மறுபிடி என்று ஒரு தரம் சொல்லிப் பார் என்றேன். முதலில் சிரித்தான். ஒரு மணித்தியாலம் போயிருக்கும், எதிராளி தோளில் தூக்கிய நேரம் அவன் விரல் பொத்தானில் வெள்ளையாக அழுந்த ‘மறு! மறு!’ என்று கத்துகிறான். பாதியாக வெட்டிவிட்டான், ஆனால் விளங்கியது. இஸ்தோப்பில் நின்றவனும் ‘மறு போயிருச்சிடா’ என்றான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

புறநானூற்றிலிருந்து எடுக்கலாமே என்று கேட்ட தம்பிக்கு: 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் காட்டுவது கிட்டத்தட்ட இதைத்தான். கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதும்போது ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்க, மற்றக் கால் அவன் செய்ய வருவதைத் தாங்கிப் பின்பக்கம் போகிறது. அங்கே வரும் ‘தாங்கி’ அருமையான சொல். ஆனால் இன்றைக்குத் தாங்குவது என்றால் அடியைப் பொறுத்துக்கொள்வது, விளையாட்டில் அதற்கு நேர் எதிரான அர்த்தமாகிவிடும். மனசில்லாமல்தான் விட்டேன்.

பட்டியலில் ‘மறுபிடி’, அதன் கீழ் அந்த எண்ணிக்கைக்கு ‘மறுபிடி இருப்பு’ என்று எழுதியிருக்கிறேன். டீச்சர், அண்ணன், வேறு யாருக்கும் ஒப்பவில்லை என்றால் வருகிற வெள்ளிக்குள் காரணத்தோடு எழுதுங்கள். அதற்குப் பிறகு ஆட்டத்தை முடித்துவைக்கும் கடைசி அடியான ஃபினிஷருக்குப் போவோம், அதற்கு ‘முடிப்பு’ போதுமா என்று இப்போதே யோசித்து வையுங்கள்.