1:28 ஆர்.சி. காரை டிரிஃப்டுக்கு ஏற்ப மாற்றுதல்: மோட்டாரா, கைரோவா, எது முதலில்?

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

வணக்கம். என்னிடம் 1:28 அளவிலான ஆர்.சி. கார் (ரேடியோவால் தொலைவிலிருந்து ஓட்டும் சிறு கார்) ஒன்று உள்ளது. அதை டிரிஃப்டுக்கு, அதாவது வளைவில் பக்கவாட்டில் சறுக்கியபடி ஓட்டுவதற்கு, ஏற்ப மாற்ற நினைக்கிறேன். நடுவில் ஓடும் ஒரே தண்டு முன்னும் பின்னுமாக இரண்டு டிஃபரன்ஷியல்களை (இட, வலச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்புகளை) சுழற்ற, நான்கு சக்கரங்களும் இயங்குகின்றன. 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி, 130 வகை பிரஷ் மோட்டார், கெட்டிப் பிளாஸ்டிக் டிரிஃப்ட் டயர்கள் எல்லாம் பெட்டியோடு வந்தவை. இதுவரை எதையும் மாற்றவில்லை. ஓட்டுவது கூடத்திலுள்ள விட்ரிஃபைடு டைல்ஸ் தரையில். மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருப்பதால் அங்கே வண்டி துள்ளுகிறதே தவிரச் சறுக்குவதில்லை.

சிக்கல் இதுதான். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பி த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) கொடுத்தால் வால் பகுதி அழகாக வெளியே வருகிறது. ஆனால் அந்தக் கோணத்தில் நிற்காமல், வந்த திசையையே பார்க்கும்படி முழுவதுமாகச் சுழன்றுவிடுகிறது. திருப்பத்தைக் குறைத்தால் வால் வருவதே இல்லை; வண்டி நேராகச் சுவரை நோக்கிப் போகிறது. வலப்பக்க வளைவு ஓரளவு கைகூடுகிறது, இடப்பக்கம் அறவே வரவில்லை. பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத) மோட்டார், கைரோ (வண்டி சுழல்வதை உணர்ந்து ஸ்டீயரிங்கைத் தானே திருத்தும் கருவி), உலோக பாகங்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாது என்பதால், எதை முதலில் செய்யலாம் என்று அறிய விரும்புகிறேன். பின்சக்கர இயக்கத்துக்கு மாறினால்தான் உண்மையான டிரிஃப்ட் வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைத்தம்பி எழுதியது:

மோட்டாரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் கெட்டிப் பிளாஸ்டிக் டயருக்கு இருக்கும் பிடிமானமே சொற்பம். அதை மீறிச் சக்கரத்தைச் சுழற்ற இப்போதுள்ள 130 மோட்டாரே தாராளம். மேலும், சென்சார் இல்லாத சிறிய பிரஷ்லெஸ் மோட்டார்கள் மிகக் குறைந்த வேகத்தில் திக்கித் திக்கித்தான் கிளம்பும். டிரிஃப்டுக்கு வேண்டியதோ த்ராட்டிலின் தொடக்கப் பகுதியில் கிடைக்கும் மென்மை. அந்த வகையில் உங்கள் பழைய பிரஷ் மோட்டார் உங்களுக்கு நன்மையே செய்துகொண்டிருக்கிறது.

முதல் வேலை பின் டிஃபரன்ஷியலில்தான் இருக்கிறது. வளைவில் உட்புறச் சக்கரத்தின் மேல் எடை குறையும்போது, திறந்த டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை வெறுமனே சுழலவிட்டு, எடை தாங்கி நிற்கும் வெளிப்புறச் சக்கரத்துக்குப் போதிய விசை போகாமல் செய்துவிடுகிறது. சற்று நேரத்தில் உட்புறச் சக்கரம் மீண்டும் தரையைப் பற்றும்போது விசை திடீரென்று மாறி, வால் உதறிக்கொண்டு போகிறது. நீங்கள் சொல்லும் முழுச் சுழற்சிக்கு இது முக்கியமான காரணமாக இருக்கக்கூடும். பின் டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்று, ஒரே நேரத்தில் பிடிமானத்தை இழக்கும். அப்போது சறுக்கல் எப்போது தொடங்கும் என்பது உங்கள் கைக்குப் பிடிபடும். இதற்குத் தனிப் பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. டிஃபரன்ஷியலைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு கியர்களுக்கிடையே ஹாட் குளூவை நிரப்பி மூடினால் போதும். எம்-சீல் போன்றவற்றை நிரப்ப வேண்டாம். அது இறுகிய பிறகு கியர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஹாட் குளூவைச் சுரண்டி எடுத்துவிடலாம். முன் டிஃபரன்ஷியலை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதையும் பூட்டினால் முன்பக்கம் வண்டியை நேராக இழுக்கும், திருப்பம் மந்தமாகும்.

வலமும் இடமும் வேறுபடுவது டிரிஃப்டுக்கே உரிய கோளாறன்று. வண்டி எங்கோ சமநிலை இழந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். முதலில் ரேடியோவில் ஸ்டீயரிங் டிரிம்மை (ஸ்டீயரிங்கின் நடுநிலையைத் திருத்தும் அமைப்பை) சரிசெய்து, த்ராட்டில் இல்லாமல் வண்டியைக் கையால் தள்ளிவிட்டு அது நேராக உருளுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, சக்கரங்கள் ஒரே அளவு திரும்புகின்றனவா என்று கவனியுங்கள். அடுத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றுங்கள். ஒன்று மட்டும் இறுகிச் சுழன்றால் பேரிங்கில் தலைமுடி சுற்றியிருக்கலாம், அல்லது சக்கர நட் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கலாம். கூடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு முதல் எதிரி தலைமுடிதான். இரண்டாவது, வாசலில் போட்ட கோலமாவு.

இவை எல்லாம் சரியாக இருந்தால் எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசின் மேல் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும், தராசின் உயரத்துக்குச் சமமான புத்தகத்தின் மேல் வலப்பக்கச் சக்கரங்களையும் வைத்து எடுத்துக்கொண்டு, பிறகு பக்கத்தை மாற்றி எடுங்கள். வேறுபாடு இருந்தால், டயர் கடைகளில் அலாய் வீலுக்கு ஒட்டும் 5 கிராம் எடைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை வெட்டி, எடை குறைந்த பக்கத்தில் ஒட்டலாம். பெரிய காரில் 5 கிராம் பொருட்டே இல்லை. இந்த அளவு வண்டியில் அது நடத்தையையே மாற்றும்.

தரையைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். பாதித் தரையில் தூசியும் பாதியில் சுத்தமும் இருந்தால் எந்தச் சரிசெய்தலும் நிலையான விடையைத் தராது. டயரையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நான்கு டயர்களும் ஒரே வகையாக இருப்பது இன்றியமையாதது. ஒன்றில் மட்டும் தேய்மானத்தால் தட்டையான பட்டை விழுந்திருந்தால் அந்த இணையையே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஓட்டும் முறை. வால் வெளியே வந்ததும் பதறி த்ராட்டிலை முழுவதும் விட்டுவிட்டால் எடை முன்பக்கம் பாய்ந்து பின்சக்கரங்கள் இன்னும் இலேசாகிவிடும்; சுழற்சி அங்கேயே உறுதியாகிவிடுகிறது. த்ராட்டிலைக் குறைக்கலாம், அறவே விடக்கூடாது.

பின்சக்கரம் எழுதியது:

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். இருந்தாலும் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை வரவில்லை.

முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் இயங்கும் நான்கு சக்கர வண்டி சறுக்கும்போது, முன்சக்கரங்கள் வண்டியைத் தாங்களே இழுத்துச் செல்கின்றன. அதனால் முன்சக்கரங்கள் வளைவின் உட்புறத்தையோ நேராகவோ பார்த்தபடிதான் வண்டி பக்கவாட்டில் நகரும். பெரிய கார்களின் டிரிஃப்ட் போட்டிகளில் காணும் காட்சி, அதாவது வால் வெளியே போக முன்சக்கரங்கள் எதிர்த்திசையில் முழுவதுமாகத் திரும்பி நிற்கும் கவுன்டர் ஸ்டீயர், இதில் கிடைக்காது. இதற்காகவே 1:10 அளவு வண்டிகளில் முன்சக்கரங்களைவிடப் பின்சக்கரங்கள் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகமாகச் சுழலும்படி கப்பிகளையும் கியர்களையும் மாற்றும் முறை முன்பு பரவலாக இருந்தது. பிறகு கைரோ மலிவானதும் அந்த வழியைவிட்டுப் பெரும்பாலோர் முழுப் பின்சக்கர இயக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே தண்டு ஓடும் உங்கள் வண்டியில் முன் பின் விகிதத்தை மாற்றுவது எளிதன்று. எனவே கவுன்டர் ஸ்டீயர் வேண்டுமென்றால் பின்சக்கர இயக்கமே வழி.

கைரோ எதற்கு என்ற ஐயம் பலருக்கு உண்டு. அது ஓட்டுநரின் திறமையைத் திருடிவிடுகிறது என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். உண்மையான காரில் வால் வெளியே போனதும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை உள்ளங்கையில் வழுக்கிச் சுழலவிடுவார். கேஸ்டர் கோணத்தின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதன்) காரணமாக முன்சக்கரங்கள் வண்டி நகரும் திசையை நோக்கித் தாமாகவே திரும்பிக்கொள்ளும். ஆர்.சி. காரில் சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) சக்கரங்களை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் அந்த இயல்பான திருப்பம் நிகழ முடியாது. கைரோ வண்டி சுழலும் வேகத்தை அளந்து, அதற்கேற்பச் சர்வோவை எதிர்ப்பக்கம் திருப்புவதன் மூலம் இழந்த அந்த இயல்பைத் திருப்பித் தருகிறது. த்ராட்டிலும் பாதையும் அப்போதும் உங்கள் கையில்தான்.

மாற்றும் வேலை பாதி எளிது, பாதி செலவு. முன் டாக்போன்கள் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் சிறு தண்டுகள்) இரண்டையும் கழற்றினால் இயக்கம் பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஆக்சிலின் வெளிக்கிண்ணம் சக்கரத்தைத் தாங்குவதால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். டாக்போன் இல்லாததால் முன்சக்கரங்களை இன்னும் அதிகமாகத் திருப்பவும் இடம் கிடைக்கும். நக்கிளில் (முன்சக்கரத்தைத் தாங்கியபடி திரும்பும் பாகத்தில்) தடுக்கும் பிளாஸ்டிக் முனையைச் சிறிது சிறிதாகச் சீவி, இரு பக்கமும் கோணம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். செலவு மின்னணுப் பகுதியில் வருகிறது. கே969 என்ற மாடல் உள்ளிட்ட பல 1:28 வண்டிகளில் சர்வோவுக்கு ஐந்து கம்பிகள் இருக்கும். அதாவது சர்வோவின் மூளை ரிசீவர் (ரேடியோவின் கட்டளையைப் பெறும்) பலகையிலேயே இருக்கிறது. வழக்கமான கைரோவோ ரிசீவருக்கும் மூன்று கம்பிச் சர்வோவுக்கும் இடையே பொருந்துவது. எனவே தனி ரேடியோ, ரிசீவர், பிரஷ் மோட்டாருக்கான சிறிய இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை), மூன்று கம்பி மைக்ரோ சர்வோ எனப் பலவற்றை மாற்ற வேண்டிவரும். டம்போஆர்சி எக்ஸ்6எஃப்ஜி போலக் கைரோ உள்ளடங்கிய ரிசீவரை எடுத்தால் ஒரு பெட்டி குறையும்; அத்தனை சிறிய சேஸிஸில் அது பெரிய உதவி.

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பின் டிஃபரன்ஷியலில் ஹாட் குளூ நிரப்பியதும் வண்டியின் குணமே மாறிவிட்டது. த்ராட்டிலைச் சீராக வைத்தால் இப்போது வட்டமாகச் சறுக்கிக்கொண்டே இருக்கிறது. இடப்பக்கக் கோளாறு முன் பேரிங் ஒன்றில் சுற்றியிருந்த முடியால் வந்தது. நான்கு சக்கர இயக்கத்தில் இன்னும் சில வாரம் பழகிவிட்டு மின்னணுப் பகுதியை மாற்ற எண்ணுகிறேன். கைரோவைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை என்ன? எடையை எங்கே கூட்ட வேண்டும்?

தராசுக்காரன் எழுதியது:

நான்கு சக்கர இயக்கத்தில் பழகிவிட்டு மாறுவது நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: நான்கு சக்கர வண்டியில் வால் போனால் த்ராட்டிலைக் கூட்டி இழுத்துக்கொள்ளும் பழக்கம், பின்சக்கர வண்டியில் உங்களைச் சுழற்றிவிடும். அந்தப் பழக்கம் கையில் ஊறுவதற்குள் மாறிவிடுங்கள்.

கைரோவை மோட்டாரிலிருந்து தள்ளி, தரைக்கு இணையாக, மெத்தென்ற இருபக்க ஒட்டுநாடாவின் மேல் ஒட்டுங்கள். மோட்டாரின் அதிர்வு நேரடியாகப் போனால் அளவீடு கெடும். இயக்கியதும் சில நொடிகள் வண்டியை அசைக்காமல் வையுங்கள். பிறகு வண்டியைக் கையில் தூக்கி, வாலை வலப்பக்கமாக வெடுக்கென்று தள்ளுங்கள். முன்சக்கரங்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் கைரோவின் திசையைப் புரட்டிப் போட வேண்டும். அப்படியே ஓட்டினால் அது சுழற்சியைத் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டிவிடும்.

கெயினை (கைரோ எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற அளவை) குறைவில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். நேராக ஓடும்போது முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கும் இடம் வரும். அதிலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். மந்தமான சர்வோவில் இந்த நடுக்கம் முன்னதாகவே வந்துவிடும், ஏனெனில் கைரோவின் கட்டளையைச் சர்வோ நிறைவேற்றி முடிப்பதற்குள் வண்டி அடுத்த நிலைக்குப் போயிருக்கும். ஆகவே பணம் மிச்சம் பிடிக்கும் இடம் சர்வோ அன்று. திருப்பத்தின் இரு எல்லைகளையும் மறவாமல் அமையுங்கள். சக்கரம் தடுப்பில் முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டிருந்தால் அது சூடேறிக் கருகிவிடும்.

எடையைப் பொறுத்தவரை, நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாக விடலாம். பின்சக்கர இயக்கத்துக்கு மாறியதும் பின் ஆக்சிலின் மேல் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக, 55 முதல் 60 விழுக்காடு வரை, எடை இருக்கும்படி பேட்டரியையோ எடைத் துண்டையோ நகர்த்துங்கள். டைல்ஸில் முன்னேற்றம் இல்லாமல் சக்கரம் சும்மா சுழன்றால் பின்னால் கூட்டுங்கள்; முன்பக்கம் திரும்ப மறுத்தால் குறையுங்கள். பின் டோ-இன் (பின்சக்கரங்களின் முன்முனைகள் சற்று உள்நோக்கியிருப்பது) ஓரிரு பாகை இருந்தால் வால் அமைதியாகும். முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உட்புறமோ வெளிப்புறமோ சாயும் கோணம்) எதிர்க்குறியில், அதாவது உட்புறமாக, ஐந்தாறு பாகை வரை போகலாம், ஆனால் சரிசெய்யக்கூடிய மேற்கைகள் (சக்கரத்தின் மேல்பக்கத்தைச் சேஸிஸோடு இணைக்கும் தண்டுகள்) இல்லாமல் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

புதிய சிறு இ.எஸ்.சி. வாங்கும்போது அதில் தாழ் மின்னழுத்தத் துண்டிப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பேட்டரியின் பேலன்ஸ் முனையில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க உதவும் சிறு இணைப்பில்) சிறு அலாரம் ஒன்றைச் செருகி, ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள். பழகுவதற்குத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை நடுவில் வைத்து வட்டமிடுங்கள். இரு பக்கமும் சமமாக வந்த பிறகு இரண்டாவது பாட்டிலை வைத்து எட்டுப் போடத் தொடங்கலாம்.