யூட்டாவின் மலையும் பாலையும்: எந்தப் பருவத்தில் எங்கே போனீர்கள், எதைச் சந்தித்தீர்கள்?

சாண்டியிலிருந்து:

அமெரிக்காவின் மேற்கே இந்த யூட்டா மாநிலத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம் தமிழ் ஆட்கள் முதலில் கேட்பது, "ஊர் சுத்த எந்த மாசம் நல்லா இருக்கும்?" என்பதுதான். யூட்டாவில் மாதத்தைக் கேட்பதைவிட உயரத்தைக் கேட்பதுதான் பயன். தெற்கே பாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டர் சொச்சம். சால்ட் லேக் சிட்டி 1,300. ஆல்ட்டா பனிச்சறுக்குத் தளத்தின் அடிவாரமே 2,600. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அதனால்தான் ஏப்ரலில் சனிக்கிழமை ஆல்ட்டாவில் பனிச்சறுக்கும், ஞாயிற்றுக்கிழமை செயின்ட் ஜார்ஜ் பக்கம் அரைக்கைச் சட்டையோடு நடையும் வைத்துக்கொள்ள முடிகிறது. வெயில் ஏற ஏற மலைமேல் போங்கள், குளிர் கூடக் கூட தெற்கே பாலைக்கு இறங்குங்கள். இங்கே வருஷம் முழுக்க வெளியே திரிபவர்கள் எல்லாரும் செய்வது இதைத்தான்.

ஜனவரியில் சில நாட்கள் மட்டும் இது தலைகீழாகும். சால்ட் லேக் பள்ளத்தாக்கின்மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ள, கீழே குளிர்காற்றும் வண்டிப் புகையும் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் தேங்கும். தொண்டை கரகரக்கும். அப்போது முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டி மேலே போனால் நீல வானமும் கண் கூசும் வெயிலும் கிடைக்கும்.

அப்படி ஒரு நாள் பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்க மாட்டும் அகலக் காலணி) மாட்டி நடந்தபோதுதான் மூஸ் என்ற பெரிய மானைப் பக்கத்தில் பார்த்தேன். தாயும் குட்டியும். வில்லோ குச்சியை மெல்லும் சத்தம்தான் முதலில் கேட்டது. தாயின் தோள்பட்டை என் தலை உயரம் இருந்தது. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடந்தது. அந்த ரோமம் உள்சூட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைக்கிறது. ஆழமான பனியில் அதற்கும் கால் புதையும் என்பதால், நாம் மிதித்துக் கெட்டியான பாதையில்தான் நடக்கும், லேசில் விலகாது. காதைப் பின்னால் மடித்து, பிடரி மயிர் சிலிர்த்தால் கோபம் என்று அர்த்தம். அன்று காது மடங்கத் தொடங்கியதும், முதுகைக் காட்டாமல் பின்னால் நகர்ந்து, நடுவில் ஒரு தடித்த மரம் வரும்படி பார்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினோம். உச்சிக்குப் போகவில்லை, குறையாகவும் தெரியவில்லை.

நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். தேதி வேண்டாம், பருவம் சொன்னால் போதும்.

லீஹையிலிருந்து:

நான் ஸயான் தேசியப் பூங்காவின் நேரோஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நடை அது. இருபுறமும் ஆயிரம் அடிப் பாறை, சில இடங்களில் நடுவே 20, 30 அடி அகலம்தான். வசந்தத்தில் மேலே பனி உருகி ஆறு பொங்கும். நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா நிர்வாகம் வழியை மூடிவிடும். மேட்டூர் நீர்வரத்தை ஆயிரக்கணக்கான கன அடியில் கேட்டு வளர்ந்த நமக்கு 150 ஒரு கணக்கே இல்லை. ஆனால் அந்தச் சந்துக்குள், கால் வழுக்கும் உருண்டைக் கல்மேல் நின்று பார்த்தால்தான் அதன் இழுப்பு தெரியும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம். ஆகஸ்டில் நாங்கள் போன காலையில் வானிலை மையத்தின் திடீர் வெள்ள எச்சரிக்கை இரண்டாம் படியில், அதாவது "வரக்கூடும்" என்ற நிலையில் இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர், வெளிர் பச்சை, அடியில் கல் தெரிந்தது. தலைக்குமேல் தெரிந்த கீற்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. எதிரே கைத்தடியோடு இறங்கி வந்த வயதான அம்மா ஒருவர் நின்று, தடியால் தண்ணீரைக் காட்டினார். பைன் ஊசிகளும் சின்னச் சின்னச் சுள்ளிகளும் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை கலங்கிப் பழுப்பானது. "மேலே, இப்பவே" என்றார். மரம் வளர்ந்திருக்கும் திட்டாகப் பார்த்து ஏறச் சொன்னார்: வருஷா வருஷம் வெள்ளம் தொடும் இடத்தில் பெரிய மரம் நிற்காது. அவர் பின்னாலேயே ஏறினோம். நாங்கள் நின்றிருந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் கட்டைகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது. மழை பெய்தது எங்கோ பல மைல் தள்ளி. இந்தப் பாறையும் வறண்ட மண்ணும் மழையை உறிஞ்சாது, பெய்தது அத்தனையும் ஓடைக்குத்தான் வரும்.

2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் கேன்யனில் திடீர் வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். என்னைக் கேட்டால் இடிமழைக் காலத்தில் நேரோஸை விட்டுவிடுங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர்தான் சரியான நேரம். தண்ணீர் குறைந்திருக்கும், சிலீரென்றும் இருக்கும். ஆற்று நடைக்கான காலணியும் தடியும் பூங்கா வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரில் வாடகைக்குக் கிடைக்கின்றன. சாதாரண ஷூவோடு இறங்காதீர்கள்.

ப்ரோவோவிலிருந்து:

எனக்கு மலையேற்றமெல்லாம் குறைவு. தேனியிலிருந்து மாமியார் வந்திருந்தபோது கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஃப்ரூட்டா என்று பழைய மார்மன் (யூட்டாவில் குடியேறிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) குடியிருப்பு. குடும்பங்கள் போய்விட்டன, அவர்கள் வைத்த தோட்டங்களைத் தேசியப் பூங்கா காப்பாற்றி வருகிறது. செர்ரி ஜூன் நடுவில், ஆப்ரிகாட் ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள், பீச் ஆகஸ்டில், ஆப்பிள் செப்டம்பரில். பறிக்கலாம் என்று பலகை வைத்த தோப்புக்குள் நின்று சாப்பிட்டால் காசில்லை, கொண்டுபோனால் எடை போட்டுப் பணம் கட்ட வேண்டும்.

அத்தைக்குப் பாறை மேல் அவ்வளவு ஆர்வமில்லை. ஃப்ரீமாண்ட் ஆற்றுத் தண்ணீர் வரும் வாய்க்காலைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. "இந்தப் பொட்டல்ல மடை வெட்டி மரம் வளர்த்திருக்காங்களே, எப்பேர்ப்பட்ட உழைப்பாளிங்க" என்று கரையோடு நடந்துபோய்த் தண்ணீர் எங்கிருந்து திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். மரத்தடியில் உதிர்ந்த ஆப்ரிகாட்டைத் தின்றுகொண்டு ஒரு மான். எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஒன்று மட்டும்: பின்பனி பூவைக் கருக்கிவிட்டால் அந்த வருஷம் பழம் இருக்காது. கிளம்பும் முன் பூங்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முர்ரேயிலிருந்து:

மார்ச்சில் மோவாப். பகலில் இதமான வெயில், ராத்திரி உறைகுளிர். பாறைமேல் நடக்கும்வரை பிரச்சினை இல்லை. பாதையை விட்டு மண்ணில் கால் வைப்பதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். மோவாப் ஊரை ஒட்டிய ஆர்ச்சஸ் பூங்காவில் பாதையோரம் கறுப்பாக, மேடு பள்ளமாக, கருகிய மாதிரி ஒரு மண் இருக்கும். அது உயிருள்ள மண். நீலப்பச்சைப் பாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து மணல் துகள்களை நூலிழைகளால் கட்டி வைத்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல், விதை ஊன்ற இடம் கிடைப்பது இதனால்தான்.

பூங்காக் காவலரான ரேஞ்சர் அம்மா ஒருவர் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டு தண்ணீர் விட்டார். காய்ந்து கறுத்துக் கிடந்த பாசி, கண்ணெதிரே சில நொடிகளில் இலை விரித்துப் பச்சையானது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு காலடி விழுந்தால் அந்த இடம் தேற பல பத்தாண்டுகள் ஆகும் என்று ரேஞ்சர் சொன்னார். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் அவள்தான் எங்களைக் காவல் காத்தாள்: "அப்பா, கல் மேல மட்டும்!"

ஓரெமிலிருந்து:

ஜூலையில் ஊரிலிருந்து குடும்பம் வருகிறது. ஆர்ச்சஸ் பூங்காவின் டெலிகேட் ஆர்ச் பாறை வளைவுக்குப் போகலாமா? சின்னவனுக்கு 6 வயது.

சாண்டியிலிருந்து:

பகலில் வேண்டவே வேண்டாம். போகவர 3 மைல்தான், ஆனால் வழியில் நிழலே கிடையாது. வெயில் 38ஐத் தாண்டும், பாறையும் அனல் கக்கும். காய்ந்த காற்றில் வேர்வை உடனே ஆவியாகிவிடுவதால் வேர்ப்பதே தெரியாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்புச்சத்து குறைந்து தலை சுற்றும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ கூடவே இருக்கட்டும். போயே ஆக வேண்டுமென்றால் விடியுமுன் ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடுங்கள்.

அதைவிட, ஜூலை கடைசியில் ஆல்ட்டாவுக்கு மேலே ஆல்பியன் பேசினுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். சரிவு முழுக்கக் காட்டுப்பூ, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும் அதே சரிவுதான். 2022-23 பருவத்தில் ஆல்ட்டாவில் 903 அங்குலம், அதாவது 75 அடிக்கு மேல் பனி கொட்டியது! இந்த மலைகளில் மதியத்துக்குமேல் இடி மின்னல் வரும். காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.

ஓக்டனிலிருந்து:

இலையுதிர் காலத்துக்கு கிரேட் சால்ட் ஏரியிலுள்ள ஆன்டிலோப் தீவை யாருமே சொல்லவில்லையே. 1893-ல் 12 அமெரிக்கக் காட்டெருமைகளைப் (பைசன்) படகில் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு அங்கே நூற்றுக்கணக்கில் மேய்வது அவற்றின் வழி வந்த மந்தை. அக்டோபர் கடைசியில் குதிரைக்காரர்கள் தீவு முழுக்க வளைத்து மந்தையைப் பட்டிக்கு ஓட்டி வருவார்கள். தடுப்பூசி போட்டு, தீவின் புல் தாங்கும் அளவுக்குமேல் இருப்பதை விற்றுவிடுவார்கள். நாங்கள் வேலியோரம் நின்று பார்த்தோம். முதலில் புழுதி தெரிந்தது, அப்புறம்தான் குளம்புச் சத்தம். நம்மூர் மாட்டுத்தொழுவத்து வாசம் அப்படியே. என் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு, எது கிடாரி, எது பொலிகாளை என்று எங்களுக்கு வகுப்பே எடுத்துவிட்டார்.

வசந்தத்தில் போகிறவர்கள் கவனிக்க: ஏப்ரலிலிருந்து ஜூன்வரை கண்ணுக்கே தெரியாத கடிபூச்சி தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், வாரக்கணக்கில் அரிக்கும். சாதாரணக் கொசு மருந்துக்கு அவ்வளவாக அசையாது. வலைத் தொப்பி கொண்டுபோங்கள், இல்லையென்றால் அக்டோபர்வரை பொறுங்கள்.