நல்லூர்த் தேருக்கு மெமரி காட்: 128 ஒன்றோ, 64 இரண்டோ?

வணக்கம் உறவுகளே. தேரன்று 4கே வீடியோ எடுக்க மெமரி காட் வேணும். கமராவில் ஒரே ஸ்லொட், அதுவும் யூஎச்எஸ்-1 (காட் ஸ்லொட்டின் வேகத் தரம்). வீடியோ பதியும் வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்), மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி ஒன்றரை மணித்தியாலம்கூடத் தாங்காது; இரண்டு வாங்கினால் இடையில் கழற்றி மாற்றவேணும்.

காட்டின் முகப்பில் பெரிசாய்ப் போட்டிருக்கும் 170, 200 எல்லாம் வாசிக்கும் வேகம். பதிவுக்கு வி30 குறிதான் முக்கியம்: நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது. இதைவிட வேகமான யூஎச்எஸ்-2 காட்டின் பின்பக்கத்து இரண்டாம் வரிசைப் பின்கள் இந்த ஸ்லொட்டில் தொடுபடாது, காசுதான் வீண்.

பயமெல்லாம் போலிக் காட்டுக்குத்தான். 128 என்று காட்டும், உள்ளே 16 தான் இருக்கும். அதற்குப் பிறகு பதிந்த எதுவும் திறபடாது. முழுக்க நிரப்பிச் சோதித்து, பிழையென்றால் மாற்றித் தரும் கடை யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் இருக்கோ? தெரிந்தவர்கள் விலையோடு சொல்லுங்கோ.